மேலே இருந்த பிரதி

ஒத்திசைவு என்று அதற்கு ஓர் அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். கச்சேரியில் வயலினும் மிருதங்கமும் சேருகிற மாதிரி ஏதோ பெரிய விஷயம் என்று தோன்றும். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே குமட்டுகிறது. போனில் எழுதினால் கம்ப்யூட்டரில் தெரியும், கம்ப்யூட்டரில் எழுதினால் போனில் தெரியும், அவ்வளவுதான் சங்கதி. அந்த அவ்வளவுதானை வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேர், படித்தவர்கள், எங்கள் அம்மாவை என்ன பாடு படுத்தினோம் என்பதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

அண்ணா ஒரு பெரிய தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீரங்கத்தில் வடக்கு வீதியை ஒட்டிய சந்தில் ஒரு ஃபிளாட்டில் அம்மாவோடு இருக்கிறார். மன்னி, பெண்ணின் பிரசவத்துக்காக அமெரிக்கா போய் ஆறு மாதம் அங்கேயே தங்கிவிட்டாள். ஆகவே எண்பத்து நாலு வயது அம்மாவும் அறுபத்தொரு வயது அண்ணாவும் மட்டும். நான் புத்தூரில் தனியாக இருக்கிறேன். ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. அம்மாவுக்குப் பார்க்கும் இருதய டாக்டரின் ஆஸ்பத்திரி என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அதனால் வேலை தானாகப் பிரிந்துகொண்டது. டாக்டரைப் பார்ப்பது நான். மாத்திரை கொடுப்பது அண்ணா.

அம்மாவின் இதயம் தாறுமாறாகத் துடிக்கும். ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நீல மாத்திரை. அது ஒரு பொல்லாத மாத்திரை. குறைந்தால் பக்கவாதம் வரலாம், கூடினால் உடம்புக்குள்ளேயே ரத்தம் கசியலாம். அதற்காக மாதம் ஒரு முறை வீட்டுக்கே ஆள் வந்து ரத்தம் எடுத்துப் போவார். முடிவுத் தாளை நான் வாங்கி டாக்டரிடம் காட்டுவேன். அவர் ஒரு வேளைக்கு அரை என்பார், முக்கால் என்பார். அதை அண்ணாவுக்குச் சொல்ல வேண்டும்.

முதலில் போனில்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆனால் அண்ணாவுக்கு ஒரு தடவை சொன்னால் போதாது. அரை என்றால் எந்த அரை, காலையிலா ராத்திரியிலா, மீதி அரையை எதில் வைப்பது, ஈரம் பட்டால் என்ன ஆகும் என்று ஒரு நாளைக்கு நாலு தடவை கூப்பிடுவார். நூலகத்தில் போன் அடித்தால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு நாள் பொறுக்க முடியாமல், சும்மா சும்மா கூப்பிடாதே, எழுதி வைத்தால் படித்துக்கொள்ளத் தெரியாதா என்று கத்திவிட்டேன். மறு வாரமே அவர் அந்தக் குறிப்புச் செயலியைக் கண்டுபிடித்து, தன் மேஜைக் கம்ப்யூட்டரிலும் என் போனிலும் ஒரே கணக்கில் போட்டுக் கொடுத்தார். அவருடைய போன் பட்டன் போன். ஸ்மார்ட்போனைக் கையில் வைத்திருப்பவர்கள் எல்லாரும் புத்தி கெட்டவர்கள் என்பது அவர் கட்சி. இனிமேல் போன் கூடாது, குறிப்பில் என்ன இருக்கிறதோ அதுதான் முடிவு என்று ஒரு சட்டமும் போட்டோம். சட்டம் அவருடையது என்று நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். கேட்டு வாங்கியது நான்.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எதை எழுதினாலும் தாளின் தலையில் 'ஸ்ரீ:' என்று போடாமல் எழுத மாட்டோம். மளிகைச் சீட்டு, சலவைக்குப் போட்ட துணிக் கணக்கு, பரீட்சைப் பேப்பர், எதுவானாலும். அண்ணா கம்ப்யூட்டரிலும் அதை விடவில்லை. என் விரலும் பழக்க தோஷத்தில் அதையேதான் போட்டது. அந்தச் செயலியோ, முதல் வரி எதுவோ அதையே தலைப்பாக எடுத்துக்கொள்கிற ஜாதி. போனைத் திறந்தால் மேலிருந்து கீழ்வரை ஸ்ரீ:, ஸ்ரீ:, ஸ்ரீ: என்று வரிசையாக நிற்கும். இதில் எது மாத்திரை, எது பால்காரர் நம்பர், எது வாசல் விளக்கு மாற்றிய தேதி என்று உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும். புத்தகத்துக்குப் பெயரும் எண்ணும் ஒட்டிச் சம்பளம் வாங்குகிறவள் நான். அதை மாற்றலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அண்ணாவுக்கு எழுதும் சுகம் பிடித்துக்கொண்டது. தொழிற்சாலையில் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ரிப்போர்ட் எழுதிய கை. அம்மாவின் மாத்திரைக் குறிப்புக்கு மேலேயே அன்றன்றைய நிலவரத்தையும் சேர்க்க ஆரம்பித்தார். நான் மதியம் நூலகத்துப் பின்னறையில் டப்பாவைத் திறந்து சாம்பார் சாதத்தில் கை வைத்திருப்பேன். போன் டிங் என்னும். 'காலை மலம்: இளகல், மஞ்சள், சற்றே நாற்றம் அதிகம்.' இன்னொரு நாள், 'சளி: கெட்டி, பச்சை, மூன்று முறை.' ஒரு தடவை போட்டோகூட எடுத்து ஒட்டியிருந்தார், மன்னி விட்டுப்போன பழைய கேமராவில். அன்றைக்கு நான் சாப்பாட்டைக் கொட்டிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற பெண் என்ன மேடம் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

எனக்கு அருவருப்பு. ஒளித்துப் பேச என்ன இருக்கிறது? பெற்ற தாய்தான். என்னுடையதையெல்லாம் கையால் அள்ளிப் போட்டு வளர்த்தவள்தான். அவளுடைய உடம்பிலிருந்து வருவதெல்லாம் வண்ணத்தோடு என் கைக்குள் வந்து டிங் என்று நின்றால் எனக்குப் பிடிக்கவில்லை. அண்ணா அதைத் துடைத்து, கழுவி, துணி மாற்றி, பிறகு கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து எழுதினார். நானோ அவர் எழுதியதைப் படிக்கக்கூட மூக்கைச் சுளித்தேன். கொஞ்ச நாளில் அந்த டிங்கைக் கேட்டாலே போனைக் கவிழ்த்து வைக்கப் பழகிவிட்டேன். செயலியைத் திறப்பேன், என் வரியை எழுதுவேன், கண்ணை மேலே கொண்டுபோகாமல் மூடிவிடுவேன்.

அந்த மாதம் ரத்த முடிவைப் பார்த்ததும் டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். ரத்தம் ரொம்ப நீர்த்துப் போயிருக்கு, இந்த மாத்திரையை உடனே நிறுத்துங்க, ஒரு வாரம் கழிச்சு மறுபடி டெஸ்ட் பண்ணிட்டு வாங்க என்றார். வெளியே வந்து வராந்தாவில் மருந்துக் கவுண்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே குறிப்பைத் திறந்தேன். நீல மாத்திரை என்ற வரியை அழித்து, அந்த இடத்தில் 'நிறுத்தியாச்சு, ஒரு வாரம், டாக்டர் சொன்னார்' என்று எழுதினேன். அண்ணாவைக் கூப்பிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்ததும் உண்மை. கூப்பிட்டால் நிறுத்தின மாத்திரையை எதில் வைப்பது என்பதிலிருந்து ஆரம்பிப்பார். எழுதியாகிவிட்டதே என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்றைக்கு ஸ்ரீரங்கத்தில் பாதாளச் சாக்கடைக்காகச் அவர்கள் சந்தில் குழி தோண்டியதில் வீட்டு இன்டர்நெட் கேபிள் அறுந்து கிடந்தது எனக்குத் தெரியாது. அண்ணா வழக்கம்போல உட்கார்ந்து, அம்மா தயிர் சாதம் இரண்டு கரண்டி கூடச் சாப்பிட்டாள் என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறார். கம்ப்யூட்டரில் இருந்த குறிப்பு பழையது. நீல மாத்திரை அதில் இருந்தது. ராத்திரி கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். மாம்பழச் சாலையில் ஒரு தோழி வீட்டு வளைகாப்பு. கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், தோளில் பை, கையில் தேங்காய் பழக் கவர். காவிரிப் பாலத்தில் பஸ் ஏறும்போது டிங். அறுந்த கேபிளை ஒட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. திரையில் ஒரு கேள்வி நின்றது: இந்தக் குறிப்புக்கு இரண்டு பிரதிகள் உள்ளன, எதை வைத்துக்கொள்ள வேண்டும்? மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டுக்கும் ஒரே தலைப்பு, நீங்கள் ஊகித்ததுதான். அதற்கு அடுத்த வரி அம்மாவின் காலைச் சமாசாரம், அண்ணாவின் வர்ணனையோடு. அப்போதுதான் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருந்தேன். மேற்கொண்டு படிக்கவில்லை. மேலே இருந்ததைக் கட்டை விரலால் அமுக்கிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டேன்.

அமுக்கியதை அந்த நிமிஷமே மறந்தும் போனேன். இறங்கும்போது கண்டக்டரோடு சில்லறைக்குச் சண்டை போட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஐந்தாம் நாள் காலை அண்ணா, சட்டத்தை மீறி, எனக்குப் போன் செய்தார். அம்மாவுக்குப் பல் தேய்க்கும்போது ரத்தம் நிற்கவே இல்லை என்றார். முழங்கையில், தொடையில் எல்லாம் கறுப்புக் கறுப்பாகத் தடித்திருக்கிறது என்றார். அதற்குப் பிறகு ஒன்று சொன்னார், மலம் தார் மாதிரி இருக்கிறது என்று. கம்ப்யூட்டரில் எழுதியிருக்கிறேன், இரண்டு நாளாக எழுதுகிறேன், நீ பார்க்கவில்லையா என்று கேட்டார். நான் ஆட்டோ பிடித்தேன்.

ஆஸ்பத்திரியில் அம்மாவை நேராக உள்ளே கொண்டுபோனார்கள். டாக்டர் முதலில் கேட்டது, மாத்திரையை நிறுத்தினீர்களா என்பதுதான். நான் அண்ணாவைப் பார்த்தேன். அண்ணா, எதை நிறுத்துவது என்று என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அந்த நேரத்தில் எனக்கு இரக்கம் வரவில்லை. வெறுப்புதான் வந்தது, காறித் துப்ப வேண்டும் போல. வராந்தாவில், நாலு பேர் பார்க்க, மாமாவும் மாமியும் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார்கள், அவர்கள் எதிரில் சொன்னேன்.

"நான் எழுதினேன். நிறுத்தியாச்சுன்னு எழுதினேன். நீ படிக்கலை. மலத்தோட கலரை எழுதத் தெரிஞ்ச உனக்கு ஒரு வரி படிக்கத் தெரியலை. பெத்தவளுக்குக் கையால விஷத்தைக் குடுத்திருக்கே."

 குறிப்பில் மாத்திரை இருந்ததே என்று அண்ணா மெல்லச் சொன்னார். பிறகு நெற்றியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். இன்ஜினியர் மூளை, எதற்கும் காரணம் கண்டுபிடிக்காமல் விடாது. கண்டுபிடித்தார். அன்றைக்கு நெட் இல்லாதபோது தயிர் சாதத்தைப் பற்றி எழுதினேன், நான் எழுதிய பழசு போய் அவள் எழுதிய புதுசின் மேல் உட்கார்ந்துவிட்டது, அப்படித்தான் இருக்க வேண்டும் என்று மாமாவிடம் விளக்கினார். விளக்கி முடித்துவிட்டு, "நான்தான் அழிச்சுட்டேன்" என்றார். மாமா, இந்த வயசில் உனக்கு எதுக்குடா கம்ப்யூட்டர் என்றார். மாமி பெருமாளே பெருமாளே என்று சொல்லிக்கொண்டு அண்ணாவைப் பார்த்த பார்வை, ஏதோ தீண்டக்கூடாததைப் பார்ப்பது போல இருந்தது. அதே பார்வையைத்தான் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா பிழைத்தாள். ஊசிமேல் ஊசி, பாட்டில் பாட்டிலாக ரத்தம், பத்து நாள். மூன்றாம் நாள்தான் கண்ணை நன்றாகத் திறந்து பேசினாள். அதுவரை அண்ணா ஆஸ்பத்திரி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அன்று நர்ஸ் கொண்டுவந்த மாத்திரையை அவர் வாங்கி அம்மாவின் வாயருகே கொண்டுபோனார். அம்மா உதட்டை இறுக்கிக்கொண்டாள். யார் சொன்னார்களோ, மாமியாகத்தான் இருக்கும். தலையைத் திருப்பி என்னைத் தேடினாள்.

"அவன் கையால வேண்டாம். நீ குடு."

நான் வாங்கிக் கொடுத்தேன். எனக்கு அதில் ஒரு திருப்திகூட இருந்தது. நாற்பது வருஷமாக மூத்த பிள்ளை மூத்த பிள்ளை என்று உருகிய வாய் கடைசியில் என்னைக் கேட்டதே என்று. எழுதும்போதே கை கூசுகிறது.

அம்மா வீடு திரும்பிய அன்று மதியம். அவள் தூங்குகிறாள். அண்ணா துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தார். நான் அவள் கட்டிலருகே உட்கார்ந்து, மறுபடி மாத்திரைப் பட்டியலை ஒழுங்காக எழுதுவோம் என்று அந்தக் குறிப்பைத் திறந்தேன். ஓரத்தில் மூன்று புள்ளி இருந்தது. அதைத் தொட்டால் வரலாறு என்று ஒரு பகுதி விரிந்தது. குறிப்பில் எந்தக் கருவியில், எத்தனை மணிக்கு என்ன செய்தார்கள் என்று ஒவ்வொன்றாக இருந்தது. அண்ணா என்ன செய்து தொலைத்தார் என்று பார்த்துவிடுவோம் என்றுதான் படித்தேன்.

அண்ணா அழிக்கவில்லை. அவர் எழுதியதையும் நான் எழுதியதையும் அது தனித்தனியாகப் பத்திரமாக வைத்திருந்தது. மறுநாள் காலை எட்டே முக்காலுக்கு ஒரு வரி: இரண்டில் பழைய பிரதி தேர்ந்தெடுக்கப்பட்டது, மற்றது நீக்கப்பட்டது. கருவி, என் போன். எட்டே முக்கால் என்றதும் பஸ், பாலம், தேங்காய் பழக் கவர், கம்பியின் பிசுபிசுப்பு எல்லாம் ஒன்றாக வந்தன.  அதற்குக் கீழே அண்ணா ஐந்து நாளும் எழுதியவை வரிசையாக இருந்தன. நான்காம் நாள், 'மலம்: கறுப்பு, தார் போல. அவள் பார்த்தால் டாக்டரிடம் கேட்பாள்.' அவள் என்றால் நான். ஐந்தாம் நாளும் அதேதான், கேட்பாள் என்பது மட்டும் இல்லை.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அதை நான் மனசுக்குள் அமைத்துக்கூட வைத்தேன். ஆனால் விரல் வேறு வேலை செய்தது. அந்தக் குறிப்பையே அழித்தேன். நீக்கியவை என்ற கூடைக்குள் போய் அங்கிருந்தும் அழித்தேன். நிரந்தரமாகவா என்று கேட்டது. ஆம் என்றேன். கூடத்தில் திறந்தபடி இருந்த அண்ணாவின் கம்ப்யூட்டரில், என் கண் எதிரிலேயே, அது ஒரு நொடியில் மறைந்தது. இந்த ஒரு வேலைக்கு மட்டும் எந்தக் கேபிளும் அறுந்திருக்கவில்லை.

அண்ணா காலி பக்கெட்டோடு வந்தார். திரையைப் பார்த்தார். மவுசை இங்கும் அங்கும் நகர்த்தித் தேடினார். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே, இதையும் நான்தான் ஏதோ பண்ணி அழிச்சுட்டேன் போலிருக்கு என்றார். நான் விடு அண்ணா என்றேன். பெரிய மனசு பண்ணி மன்னிக்கிற குரலில் சொன்னேன். என்னுடைய எல்லாச் செய்கைகளிலும் எனக்கு அதிகம் குமட்டுவது அந்தக் குரல்தான். மலமும் சளியும் எந்த மூலைக்கு.

அன்று சாயங்காலமே கம்ப்யூட்டர் மேல் ஒரு பழைய வேட்டியைப் போட்டு மூடிவிட்டார். இப்போது நான் தினமும் காலையிலும் சாயங்காலத்திலும் ஸ்ரீரங்கம் போகிறேன். அம்மா என் கையால்தான் சாப்பிடுகிறாள், மாத்திரையும் என் கையால்தான். வருகிறவர்களிடமெல்லாம் நான் காப்பாற்றிய கதையைச் சொல்லுகிறாள். அண்ணா தண்ணீரைக் கொண்டுவந்து ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு, அவள் கண்ணில் படாமல் வெளியே போய்விடுவார். துடைப்பதும் கழுவுவதும் மட்டும் இன்னும் அவர்தான். அதற்கு அம்மா ஆட்சேபிக்கவில்லை. நானும்.

போன வாரம் நான் போனபோது அண்ணா சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். கண் சிவந்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு. இரண்டு நாளாகக் காய்ச்சலாம், எனக்குச் சொல்லவில்லை. உள்ளங்கையில் ஒரு வெள்ளை மாத்திரை. கடையில் கேட்டு வாங்குகிற சாதாரணக் காய்ச்சல் மாத்திரை, சின்ன வயதில் எனக்கே அவர் எத்தனையோ தடவை பாதியாக உடைத்துக் கொடுத்தது. மாத்திரை வந்த அட்டையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அட்டையையும் மாத்திரையையும் சேர்த்து என் பக்கம் நீட்டினார்.

"இதை நான் போட்டுக்கலாமா? நீ ஒரு தடவை பாத்துச் சொல்லேன்."

நான் வாங்கிப் படிப்பது போல் படித்தேன். போட்டுக்கோ அண்ணா என்றேன்.